பியானோவுக்குள் எரிந்த பல்பு

ரங்கூன் மழையில் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், உப்பு தண்ணீராகும். பியானோ மட்டும் தப்புமா? கட்டைகள் ஊறி, அழுத்தினது எழும்பாது. அதனால் இங்கே பியானோ வைத்திருக்கும் நாங்கள் அதன் அடிப்பலகைக்குப் பின்னால் சின்னக் குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரிய விடுவோம். அந்த வெதுவெதுப்பு போதும், ஈரம் அண்டாது. ஆனால் இப்போது கரண்டை முறை வைத்தல்லவா விடுகிறார்கள்! முறை வந்தால் பல்பு எரியும். மற்ற நேரமெல்லாம் பியானோ ஈரத்தில் கிடக்கும்.

ஒரு காலத்தில் பெரிய ஓட்டல்களில் கச்சேரி செய்தவள் நான். பூங்கொத்தெல்லாம் வாங்கியிருக்கிறேன். இப்போது கூப்பிட நாதியில்லை. பர்மியத்தில் 'சயாமா', அதாவது டீச்சர், என்று கூப்பிட்டு என்னிடம் படித்த பிள்ளைகள் பாங்காக், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். போகட்டும், இங்கே இருந்து என்ன செய்வார்கள்? விரல் மரத்துப்போவதற்குள் ஒரே ஒரு முழுக் கச்சேரி, பபேடான் பேட்டையில் எங்கள் நாலாம் மாடி வீட்டிலேயே வாசித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. பழைய ரசிகர்களுக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் போன் போட்டேன். ஞாயிறு மத்தியானம் வருவதாக எல்லோரும் சொன்னார்கள். மாதக்கணக்காகப் பேய் மாதிரி சாதகம் செய்தேன்.

என் வீட்டுக்காரர் இன்சீன் ரயில் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, லத்தா கடைத்தெரு முழுக்க அலைந்து, பெரிய குண்டு பல்பாக ஒன்று வாங்கிவந்து, என்னிடம் சொல்லாமல் உள்ளே மாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே படீரென்றது. அதன் பிறகு எந்தச் சுரமும் அதன் இடத்தில் இல்லை.

சுருதி கூட்டுகிற பர்மாக்காரர் வந்தார். பலகையைக் கழற்றிப் பார்த்தவர், உள்ளே இருந்த பெரிய பல்பை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு பர்மியத்தில் மெதுவாகச் சொன்னார்: "சயாமா, இந்தச் சூட்டுல காஞ்சு நாதப் பலகை வெடிச்சிருச்சு. கம்பி கட்டுற ஆணி அடிச்ச கட்டையும் பிளந்திருக்கு. கம்பியை முறுக்கினா நிக்காது. நம்ம ஊர்ல இதுக்கு வைத்தியம் இல்ல."

"அட பாவி மனுஷா! யாருய்யா உங்களை இதுல கைவைக்கச் சொன்னது?" என்று வீட்டுக்காரர் மேல் பாய்ந்தேன். வந்தவர் முன்னால் என்றுகூடப் பார்க்கவில்லை.

"கரண்டு இருக்கிறதே கொஞ்ச நேரம். அதுக்குள்ள முழு நாள் சூட்டையும் குடுத்துறலாம்னு பார்த்தேன்மா," என்றார். கணக்கு என்னவோ சரிதான். அதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது.

சனிக்கிழமை காலை பால்கனியில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்து, கச்சேரி இல்லை என்று சொன்னேன். எப்படித் தேற்றுவார்களோ, நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தபடிதான் ஆரம்பித்தேன்.

"நல்லதாப் போச்சு சயாமா, இந்த மழையில எப்படி வர்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தோம்," என்றார் ஒருவர். "அட, நாளைக்கா?" என்றாள் ஒரு அம்மாள். முன்வரிசையில் உட்கார்ந்து என் கச்சேரிகளைக் கேட்டவர் ஒருவர், பக்கத்துத் தெருவில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்ய ஆள் தெரியுமா என்று விசாரித்தார். என்ன வாசிக்க இருந்தேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பியானோ நன்றாக இருந்திருந்தாலும் கச்சேரிக்குப் போடும் நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்திருக்கும்.

உள்ளே வந்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டாங்களா?"

"ஆமா," என்றேன். "ரொம்ப."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் தடுக்கவில்லை.