கரைவேட்டி எலும்புக்கூடு

சாப்பிட்டு முடித்ததும் ஹரிநாராயணன் சட்டைக்கு மேலேயே வயிற்றில் விரலை வைத்து, புளியோதரை போகும் வழியைக் காட்டுவார். "இந்தா, இரைப்பைய விட்டு எறங்குது. இப்பத்தேன் முத வளைவுல திரும்புது சார்." எதிரே பாதி டப்பாவை மீதி வைத்திருக்கும் எனக்கு அதற்குமேல் சோறு இறங்காது.

பசுமலைப் பக்கம் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் நான் நூலகர். அவர் கம்ப்யூட்டர் படக்காரர். உடற்கூறு பாடத்துக்காக முப்பரிமாண மனிதன் ஒருவனைத் திரையில் உருவாக்குவது அவர் வேலை. மௌஸைப் பிடித்து இழுத்தால் அவன் திரும்பி முதுகைக் காட்டுவான். ஒரு சொடுக்கில் தோல் போகும், அடுத்ததில் தசை போகும், கடைசியில் எலும்போடு நிற்பான். அப்படி நிற்பவனுக்கும் இடுப்பில் ஒரு வேட்டி கட்டிவிட்டிருந்தார் ஹரி. "பொம்பளப் பிள்ளைக எல்லாம் பாக்குதுக சார்" என்றார். எலும்புக்கு என்னய்யா மானம் என்று கேட்டேன். மறுநாள் அந்த வேட்டிக்குக் கரை வந்திருந்தது.

கரை போடுவதுதான் அவருடைய பழைய தொழில். இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் சேலைக்கு டிசைன் போட்டவர், கடைசி நான்கு வருடம் கம்ப்யூட்டரிலேயே. கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனால் மட்டும் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் திட்டுவார்; எங்களுக்குப் புரியாதது நல்லதுதான்.

உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகப் படங்களும், பாடம் எடுக்கும் டாக்டர் ஆயிஷா சித்திகா சொன்னதும்தான். இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடம் இருபதடி தள்ளித்தான் இருக்கிறது. ஹரி அதற்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அந்தக் கதவைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார். "அந்த வாடை எனக்குச் சேராது சார்" என்பார். பயம் என்று சொல்ல வெட்கம். எனக்கும் அதே பயம் உண்டு என்பதால் நான் துருவிக் கேட்டதில்லை.

2003 ஜூலையில், மாதிரித் தேர்வில் வினை வந்து சேர்ந்தது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல்; இடப்பக்கம் இதயத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் இரண்டுதான். எங்கள் மாணவர்கள் நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் இரண்டு பக்கமும் மூன்று என்று எழுதியிருந்தார்கள். சேலைக்குப் பாதிப் பூவை வரைந்து, மறுபாதியைத் திருப்பி ஒட்டிப் பழகிய கை ஹரியுடையது. வலது நுரையீரலைச் செய்து முடித்ததும் அதையே திருப்பி இடப்பக்கம் ஒட்டிவிட்டது.

"ஸ்கிரீன்ல பாத்தத பிள்ளைங்க அப்படியே நம்பிருச்சுங்க. நானும் ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டுத் தலையாட்டிட்டேன், என் மேலயும் தப்பு இருக்கு" என்றார் டாக்டர். "ஒரு தடவையாச்சும் உள்ள வந்து கண்ணால பாருங்க ஹரி சார். இல்லன்னா இந்த ஸ்கிரீன் மனுஷன் பாடத்துக்கு வேணாம். நான் பழைய சார்ட்டுக்கே போயிர்றேன்."

ஒன்றரை வருட உழைப்பு. ஹரியின் முகம் செத்துவிட்டது. அன்று டப்பாவைத் திறக்காமலேயே என் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது, டப்பாவைக் காலி செய்துவிட்டேன் என்றாலும்.

மூன்று மணிக்கு எழுந்து, "வாரீங்களா சார்?" என்றார். புத்தகம் அடுக்கவேண்டும் என்று நழுவினேன். "சரி, நான் போறேன்" என்று கைக்குட்டையை மூக்குக்குக் கட்டிக்கொண்டு போனார். டாக்டர் கதவைத் திறந்துவிட்டார். அதன்பிறகு இருபது நிமிடம் ஒரே புத்தகத்தை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவர் வெளுத்துப்போயிருந்தார். கைக்குட்டை கழுத்துக்கு இறங்கியிருந்தது. வலது கையில் மூன்று விரலும் இடது கையில் இரண்டு விரலும் நீட்டி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடியே நடந்தார். ஆபீஸில் எடுபிடி வேலை பார்க்கும் சுந்தரம்மாள், "அண்ணே, எம்புட்டு வேர்த்திருக்கு பாருங்க, இந்த டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்று தம்ளரை நீட்டினாள்.

"கை காலியா இல்லம்மா" என்றார் ஹரி. ஒரு விரலையும் மடக்காமல், கம்ப்யூட்டர் அறைக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.