தேனில் குழைத்த மாத்திரை

அம்மாவோடு கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, புளியில் கொட்டை எடுத்தது. பங்குனி மாதம். வாசலில் தார்ப்பாய் விரித்திருந்தோம். நான் தடியால் அடித்து ஓடு உடைத்தேன். அம்மா எதிரே உட்கார்ந்து இரும்புக் கம்பியால் கொட்டையைத் தட்டி எடுத்தாள். அவளால் சம்மணம் போட முடியாது. வலது முட்டி மடங்காது. காலை நீட்டி, அந்தக் கால் மேலேயே கூடையை வைத்திருந்தாள்.

"ஏன்டி, ஓசூர்ல சோறு போடறாங்களா இல்லியா? தடிய தூக்கறதுக்கே மூச்சு வாங்குது ஒனக்கு."

"கம்பெனில எல்லாத்துக்கும் மெஷின் இருக்கும்மா."

"அப்ப அதுல ஒண்ண தூக்கிக்கினு வர்றது. சும்மா கைய வீசிக்கினு வந்துட்டா."

காலைக் கஞ்சிக்கு முன் நடுவில் எழுந்து உள்ளே போனாள். கல்லில் எதையோ நசுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது விரலை நக்கிக்கொண்டே வந்தாள். தேன் வாசனை.

"இன்னாம்மா?"

"மருந்து."

கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கல்வராயன் மலையில் மருந்து என்றால் தேனில்தான். சுக்கோ, கடுக்காயோ, ஏதாவது வேரோ, கல்வம் என்கிற சின்னக் கல் உரலில் இடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொள்வார்கள். எனக்கும் அப்படித்தான் தடவி வளர்த்தாள். மறுநாள் நான் ஓசூர் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் அவள் இல்லை.

அவள் பெயர் சாமியம்மாள். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். அப்பா ராமன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவர், ஏறிய மரத்திலிருந்து விழுந்து அங்கேயே போய்விட்டார். அம்மா சரிவில் சாமையும் மரவள்ளியும் போட்டாள். புளி, கடுக்காய், பலா, தேன் என்று பருவத்துக்கு ஒன்றாகத் தலையில் சுமந்து, பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய் விற்றாள். என்னை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தாள். பிறகு பாலிடெக்னிக். நான் இப்போது வண்டி உதிரி பாகங்களுக்குப் பூச்சு போடும் ஆலையில் தர ஆய்வாளர்.

யாராலும் அவளை ஏமாற்ற முடியாது. ஒருமுறை புளி எடை போடும்போது வியாபாரி தட்டுக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தான். அம்மா அந்த விரலையே பிடித்துக்கொண்டாள். "நான் மலையிலேர்ந்து சுமந்துக்கினு வந்த புளிய நீ ஏன்யா தாங்கற? வுடு, அதுவா நிக்கும்." சந்தை முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அப்படிப்பட்டவளை யாரும் ஏமாற்றாமலேயே ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை கவிழ்த்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் முட்டி வலி வந்தது. கள்ளக்குறிச்சியில் பொன்னுரங்கம் என்பவரின் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டாள். வலி நின்றது. சுமை நிற்கவில்லை. அதனால் மாத்திரையும் நிற்கவில்லை. பிறகு நெஞ்சு கரிக்கத் தொடங்கியது. அதற்கு ஆப்பசோடாவைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தாள். ஏப்பம் வரும், கொஞ்சம் அடங்கும், மறுபடி எரியும். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண்தான் ஆட்டோவில் ஏற்றி ஒரு கிளினிக்குக் கூட்டிப் போனாள். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். "தொண்டக்குள்ள டிவி வுட்டாரு டாக்டரு. என் வயித்த எனக்கே காட்டினாரு. பொண்ணு கேக்க வந்தவன்கூட அப்பிடி உத்துப் பாக்கலடி."

இரைப்பையில் புண். முட்டி மாத்திரையைக் குறைக்கச் சொன்னார். முடியாமல் போகும் நாளில் போட்டாலும், காலையில் வெறும் வயிற்றில் இன்னொரு மாத்திரை கட்டாயம் போட வேண்டும் என்றார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. பான்டாப்ரசோல். அது இருந்தால் வயிறு தாங்கும், புண் ஆறும். இவ்வளவும் சரி. இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

அம்மா ஒரு நாள் தவறாமல் மருந்து சாப்பிட்டாள். காலையில், வெறும் வயிற்றில், சொன்னது சொன்னபடி.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, கொல்லையில் நின்றவள் வாந்தி எடுத்தாள். காபித் தூள் கரைத்த மாதிரி கறுப்பாக இருந்தது என்றார்கள். கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்து நூற்றெட்டில் ஏற்றினார்கள். கோமுகி அணை கண்ணில் படும் வளைவு வரைக்கும் மூச்சு இருந்தது. நான் சேலம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். சின்னசேலத்தில் போன் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா?" என்று கேட்டார்.

ஒழுங்காக. அந்த ஒரு சொல் காரியம் முடியும் வரை என் காதுக்குள் நின்றது. யாருக்கு ஒழுங்கு இல்லை? சாமியம்மாளுக்கா?

காரியம் முடிந்த மறுநாள் வீட்டைத் துப்புரவாக்கினேன். அடுப்பு மூலையில் கல்வம் இருந்தது. உள்ளே காய்ந்த தேன். அதில் ஒட்டிக்கொண்டு மஞ்சள் நிறத்தில் மெல்லிய சிதறல்கள். நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இலையும் இல்லை, வேரும் இல்லை. பூச்சு. உரிந்த பூச்சு. தினமும் நான் பார்க்கிற பொருள்.

மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தேன். துண்டாக வெட்டிக் கொடுத்த அட்டை. பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்து. 'முழுதாக விழுங்கவும்' என்று தொடங்கும் வரி கத்தரிக்கோல் போன இடத்தில் அறுந்திருந்தது. மீதி, கடையில் இன்னொருவருக்குப் போயிருக்கும். முழு அட்டை வந்திருந்தாலும் அம்மா ஆங்கிலம் படிக்கப் போவதில்லை.

விஷயம் இவ்வளவுதான். அமிலத்தைக் குறைக்கும் அந்த மருந்துக்கே அமிலம் ஆகாது. இரைப்பையில் பட்டால் கெட்டுப்போகும். அதனால்தான் மேலே பூச்சு. பூச்சோடு இரைப்பையைத் தாண்டிக் குடலில் போய்க் கரைந்து, ரத்தத்தில் ஏறி, சுற்றி வந்து அமிலம் சுரப்பதை அடக்க வேண்டும். நசுக்கினால் பூச்சு போச்சு. பூச்சு போனால் மருந்தில் பெரும்பகுதி வீண். அம்மா தினமும் காலையில் காவலை இடித்துப் பொடியாக்கிவிட்டு, வலி மாத்திரையை மட்டும் முழுப் பலத்தோடு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முழுதாக விழுங்கியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. சோதிக்காத பொருளுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் அவளுக்குக் கொடுத்த மருந்து அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குக் கையெழுத்துப் போடுவேன்.

கல்வத்தைப் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன்.

பொன்னுரங்கம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சாமியம்மா பொண்ணுதானே? கேள்விப்பட்டேம்மா. மனசே கேக்கல. நல்ல மனுசி."

கல்வத்தைக் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். "இத உடைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

எட்டிப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "மாத்திரைய யாரும்மா உடைப்பாங்க?"

"மலையில எல்லாரும்."

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்? சாப்பாட்டுக்கு முன்னாடின்னு கவர்ல டிக் போட்டுக் குடுத்தேன். அதத் தாண்டி வீட்ல வந்து ஊட்டி விட முடியுமா?"

"எங்கம்மா ஒங்களுக்குத் தேன் குடுத்தாங்களா இல்லையா?"

"வருஷா வருஷம். சுத்தமான தேன்."

"மலைக்காரங்க தேன எதுக்கு வச்சிருக்காங்கன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்றவர், "விடும்மா, போனவங்க திரும்பவா போறாங்க" என்றார்.

"நீங்க ஒங்க இருமல மட்டும் பாருங்க" என்றேன்.

பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார். "கத்தாதம்மா. டாக்டர் சொல்லணும். இல்லன்னா கம்பெனிக்காரன் தமிழ்ல போடணும். நான் கடைக்காரன். வேலைய நான்தான் செஞ்சேன்."

அதுதான் என்னைச் சுட்டது. எல்லாரும் வேலையைச் செய்திருக்கிறார்கள். டாக்டர் சரியாக எழுதினார். கம்பெனி சரியாக அச்சடித்தது. கடைக்காரர் சரியாக டிக் போட்டார். அம்மா சரியாகச் சாப்பிட்டாள். எங்கள் ஆலையில் இப்படி எல்லாருடைய வேலையும் சரியாக இருந்து, பொருள் மட்டும் துருப்பிடித்து வந்தால், காரணம் கண்டுபிடிக்கும் வரை ஒருத்தரையும் வீட்டுக்கு விட மாட்டார்கள்.

கல்வத்தை எடுத்துக்கொண்டு திரும்பினேன். பின்னால் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதம்மா. அமிர்தம்னு ஒரு அம்மாகிட்ட இந்த வருஷத் தேனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்னாங்க ஒங்கம்மா. அவங்களுக்கும் சேத்துத்தான் மாத்திர வாங்கிக்கினு போவாங்க. நெஞ்சு எரிச்சலாம். அவங்களுக்காவது நீ சொல்லிடு."

அடுத்த வெள்ளிமலை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

அமிர்தம் அம்மாவின் கூட்டாளி. எனக்குச் சின்னம்மா முறை. ஓடைக்கு அந்தப் பக்கம் வீடு. நான் போனபோது கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இருந்த மாதிரியே ஒரு கல்வம். உள்ளே மஞ்சள்.

"சின்னம்மா, இந்த மாத்திரைய இனிமே இடிக்காத. முழுசா முழுங்கு."

"ஏன்? ஒங்கம்மாதான் இப்பிடி குழைச்சுத் திங்கச் சொன்னா. முழுசா முழுங்கறதுக்கு நாம இன்னா கோழியான்னு கேட்டா."

அம்மாவின் குரல் அப்படியே வந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள் மேல். செத்துப்போன பிறகும் அடுத்தவள் வாயில் நின்று என்னோடு வாதம் செய்கிறாள்.

"அம்மா சொன்னது தப்பு."

"இன்னாடி பேசற? மண்ணு காயறதுக்குள்ள அம்மாவ தப்புன்ற? படிச்சுட்டா இன்னா வேணா சொல்லலாமா? சாமியம்மாவுக்குத் தெரியாதா மருந்து சாப்பிட?"

"தெரியாது. யாரும் சொல்லல. அதனால தெரியாது. அதனாலதான் செத்துது."

களிக் கம்பு நின்றது. கத்திவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. அமிர்தம் சின்னம்மா என்னைப் பார்க்காமல் அடுப்பையே பார்த்தாள்.

"வெளிக்கி கறுப்பா போச்சா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கு இல்ல. அவளுக்குப் போச்சு. எங்கிட்ட சொன்னா. கேவுரு களி தின்னா அப்பிடித்தான் போவும்னு நான்தான் சொன்னேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாம எல்லாரும் அப்பிடித்தானடி சொல்லுவோம்."

சொல்லுவோம். தார் மாதிரி கறுப்பாகப் போனால் அது களி இல்லை, ரத்தம் என்று எங்கள் ஊரில் எவரும் வந்து சொன்னதில்லை. டாக்டர் கேட்கும்போது களி என்ற பேச்சே வராது. களி கிண்டுகிற இடத்துக்கு டாக்டர் வந்ததில்லை.

தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவளுடைய மாத்திரைக் கவரிலிருந்து ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "காலையில வெறும் வயித்துல இப்பிடித்தான். இன்னிக்கி எப்பிடின்னு மட்டும் செஞ்சு காட்டு."

நாக்கில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். ஓங்கரித்தது. மாத்திரை கையிலேயே திரும்பி வந்தது. "ஆவலடி."

"மறுபடி."

"நீ ஒங்கம்மாளுக்கு மேல இருக்கடி."

மூன்றாவது தரம் தலையை அண்ணாந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினாள். தொண்டை அசைந்தது. வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி திறந்து காட்டினாள். காலி.

பிறகுதான் நான் உட்கார்ந்தேன். நாளைக்கு என்னோடு வந்து குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் களிக் கம்பை மறுபடி கையில் எடுத்தாள். கல்வத்தைக் கேட்டேன். அது அவள் மாமியார் காலத்துக் கல். கொடுக்க மாட்டேன் என்றாள். கடுக்காய் இடிக்க வேண்டுமாம்.

கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பாட்டிலோடு வந்தாள். வாயில் துணி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. மலைத்தேன், கறுத்த நிறம்.

"இத அந்த மருந்துக் கடைக்காரருக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்னு ஒங்கம்மா எடுத்து வக்கச் சொன்னா. அடுத்த தபா கீழ போறப்ப எடுத்துக்கினு போறேன்னா. போவல. நீ குடுத்துடு."

வாங்கிக்கொண்டேன். ஓடையைத் தாண்டி வீட்டுக்கு வந்து, அடுப்பு மூலையில், அம்மாவின் கல்வத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.