சவேரி மாமா இறக்கிய செப்புத் தகடுகள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் கெலிஓயாப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திய ஒருவர், இறங்காமலேயே அப்பாவிடம் சொன்னார்: "சவேரி போயிட்டாருங்க. கடுகண்ணாவ மலையேத்தத்துல காய்ச்சலோட கெடந்தாராம். மாட்ட யாரோ அவுத்துக் கட்டியிருக்காங்க." அப்பா "ம்" என்றார். சுத்தியல் மறுபடி அடிக்கத் தொடங்கியது.

சவேரி மாமாவைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

தோட்டங்களில் கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திர உருளைகளுக்கு அப்பா செப்புத் தகடு போர்த்துவார். தகட்டில் முளை முளையாகப் புடைக்க அடிக்க வேண்டும். செப்பில் கலப்பு இருந்தால் முளை வெடித்துக் கொட்டையை அறுத்துவிடும். அம்மா இறந்து நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, வந்த தகட்டைச் சோதிப்பது என் வேலை. தகட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, மூலையில் விரலகலம் வெட்டி, உலையில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, மடித்துத் தட்டுவேன். மடிப்பில் கீறல் விழுந்தால் கட்டு முழுவதும் திரும்பிப் போகும்.

கொழும்பிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்த தகட்டுக் கட்டை இறக்கியதும் சவேரி மாமா ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். வேறு எந்த வியாபாரியும் அப்படிச் செய்ததில்லை.

"நான் பாத்துக்கிட்டு நின்னா நீ வெக்கப்பட்டு மேல உள்ளதையே எடுப்ப. நடுவுல உருவு புள்ள."

முடிந்ததும், "என்னா, மாமா கள்ளனா?" என்பார்.

"இல்ல மாமா."

"அடேயப்பா, வாயத் தொறந்துட்டா!"

சில நாட்களில் நான் பேசியது அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான்.

ஒரு நாள் அவர் காய்ச்சலோடு வந்தார். அப்பா வெளியே போயிருந்தார். உலை அணைந்து கிடந்தது. வண்டிக்குள் சுருண்டு கிடந்தவரை உலை சூடேறும்வரை காக்கவைத்து, அவர் சரக்கைச் சந்தேகப்படுவது பாவமாகத் தோன்றியது. "பாத்துட்டேன் மாமா, நல்லாருக்கு" என்றேன்.

அந்தத் தகடு போர்த்திய உருளை, பழக்காலத்தின் நடுவில் ஹேவாஹெட்டத் தோட்டம் ஒன்றில் வெடித்தது. உரிக்க வழியில்லாமல் பழம் குவியல் குவியலாக அழுகியது. தோட்டத்துக் கங்காணி எங்கள் முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். அப்பா சவேரி மாமாவை வரவழைத்தார்.

"எம்மக உருவிப் பாத்தது நல்ல தகடு. மத்ததுல கலப்பச் சொருகிட்டியேடா, கள்ளப்பயலே!"

மாமா என்னைப் பார்த்தார்.

"புள்ள, நீ பாத்தியா?"

அதட்டவில்லை. நான் தரையைப் பார்த்தேன். பிறகு மாமா கங்காணியிடம், "கொழும்புக் கடைக்காரன நம்பி நானும் கட்டப் பிரிக்காமத்தான் ஏத்திட்டு வந்தேன். தப்பு எம்மேலதாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

அதன் பின் கண்டிப் பக்கத்தில் எந்தப் பட்டறையும் அவரிடம் தகடு வாங்கவில்லை. கருவாடு ஏற்றினார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார், நிறுத்தமாட்டார். என்னிடம் பேச்சுக் கொடுக்க வேறு யாரும் வரவுமில்லை.

அவரைக் கள்ளன் என்றவர்கள் இதைப் படிக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அவருக்கு நானே வாசித்துக் காட்டுவேன்.

மாமாவிடமிருந்து எனக்கென்று இருப்பது நீ பாத்தியா என்று அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். இல்லை மாமா, நான் பார்க்கவில்லை. அன்று உலையை மூட்டவே இல்லை.