சாம்பல் சட்டையில் இருந்த பட்டதாரி

நான் மனிதர்களை அடித்திருக்கிறேன். குடித்துவிட்டோ, தெருச் சண்டையிலோ இல்லை. வேலை நேரத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அடித்திருக்கிறேன்.

வேதியியல் படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு பெரிய சோப்புத் தொழிற்சாலையில் சேர்ந்து, உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். சேர்ந்த முதல் வாரத்தில் என் மேலதிகாரி ஒரு பித்தளை அச்சைத் தூக்கி என் மேல் வீசினார். தோளில் பட்டது. அதைக் காரணமாகச் சொல்ல வரவில்லை. அவரைப் போல ஆக வேண்டும் என்று என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் அடிப்பேன். பிடரியில் ஒன்று, முதுகில் ஒன்று. நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, அதனால் தொடமாட்டேன். அதிகாரிகளைத் திட்டுவதோடு சரி. யார் மேல் கை வைக்கலாம், யார் மேல் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கோபத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். அதிகாரி வேலைக்கு எடுக்கும் பட்டதாரிகளுக்கு முதல் மாதம் கான்ட்ராக்ட் ஆட்களின் சாம்பல் நிறச் சட்டையைக் கொடுத்து, அடையாள அட்டை இல்லாமல் லைனில் நிறுத்துவார்கள். கீழே நின்று வேலையைப் பார்க்கட்டும் என்று. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அப்படி ஒருவன் என் பிரிவுக்கு வந்தான். அதைப் பற்றி வந்த மெயிலை நான் திறக்கவே இல்லை. திறக்க வேண்டிய தேவையும் பொதுவாக இருக்காது. ட்ரெய்னிகள் அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தடுமாறுவார்கள், பார்த்தாலே தெரிந்துவிடும். இவன் இரண்டு பெட்டிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராக நடந்தான். வீடு சாரம் பகுதியில். அப்பா பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். கல்லூரி விடுமுறையில் மகனும் கூடப் போய்த் தூக்கியிருக்கிறான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

காலை ஷிஃப்டில் ஒரு நாள், உறை போடும் லைன் திடீரென்று நின்றது. என் கண்ணாடி அறையிலிருந்து ஓடினேன். நிறுத்தும் சிவப்புப் பொத்தான் மேல் அவன் கை இருந்தது. பின்னாலிருந்து வந்த சோப்புக் கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தரையில் கொட்டிக்கொண்டிருந்தன.

"யார்றா உன்ன நிறுத்தச் சொன்னது?"

அவன் இயந்திரத்தின் மறுபக்கம் கையைக் காட்டி, "சார், அங்க..." என்றான். முழுதாகச் சொல்ல விடவில்லை. காதோடு சேர்த்து அறைந்தேன். பெட்டி அடுக்கில் மோதிக் கீழே விழுந்தான். விழுந்தவனை விலாவில் உதைத்தேன். என் ஷூவின் முனையில் இரும்பு வைத்திருக்கும். இன்னொரு உதைக்குக் காலை எடுத்தபோது சூப்பர்வைசர் என் முழங்கையைப் பிடித்தார்.

"வேணாம் சார். அவரு ட்ரெய்னி சார்."

கால் தானாகக் கீழே இறங்கியது. குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினேன். நாற்காலி கொண்டுவரச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலை நானே திறந்து நீட்டினேன். "நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன்.

அவன் பாட்டிலைத் தட்டிவிட்டான். உதடு கிழிந்திருந்தது. "மொதல்ல அந்த அக்கா கைய எடுங்க சார்."

அப்போதுதான் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். கான்ட்ராக்டில் வேலை செய்யும் ஒரு பெண், இரண்டு உருளைகளுக்கு நடுவே கை சிக்கி நின்றிருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அச்சடித்த உறைகளின் மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலைந்து பேர் ஒரு ட்ரெய்னிக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் அப்படியே நின்றிருக்கிறாள். உருளைக்கு முன்னால் இருக்க வேண்டிய காப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னது நான். சிக்கிய உறையை எடுக்க அது இடைஞ்சலாக இருந்தது. மெக்கானிக் உருளையைத் தளர்த்தியபோதுதான் அவள் கத்தினாள். இரண்டு விரல்கள் போய்விட்டன.

மறுநாள் அவன் மனிதவளப் பிரிவில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தான். அறைந்தது, உதைத்தது, தகடு கழற்றியது, எல்லாம். அவனை அறைக்குக் கூப்பிட்டேன். வருஷக் கடைசியில் அவன் வேலை நிரந்தரமாவது என் குறிப்பைப் பொறுத்தது. அது அவனுக்கும் தெரியும்.

"கால் வழுக்கி விழுந்தேன்னு மாத்திக் குடுங்க. தகடு விஷயம் வேணாம். உங்க வேலைக்கு நான் பொறுப்பு. அடிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

"நான் கான்ட்ராக்ட் ஆளா இருந்தா மன்னிப்பு கேட்டிருப்பீங்களா சார்?"

"அது வேற."

"அப்ப லெட்டர் அப்படியே இருக்கட்டும் சார்."

நான் சூப்பர்வைசரை அவன் வீட்டுக்கு அனுப்பினேன். உங்கள் மகன் கடிதத்தை மாற்றாவிட்டால் வேலை போய்விடும், மேலாளர் எவ்வளவோ காப்பாற்றப் பார்க்கிறார் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அப்பா தொழிற்சாலை கேட்டுக்கே வந்துவிட்டார்.

"ஐயா, அது வெவரம் தெரியாத புள்ள. நீங்க அடிச்சா நல்லதுக்குத்தான் அடிச்சிருப்பீங்க" என்று என்னைக் கும்பிட்டார். மகன் வெளியே வந்ததும், "மாத்தி எழுதுடா" என்றார்.

"முடியாதுப்பா."

"இன்ஜினியருக்குப் படிக்க வச்சது என்ன மாதிரி மூட்ட தூக்கவா?"

"நீ வூட்டுக்குப் போப்பா."

காய்ப்புக் காய்த்த கையால் அறைந்தார். திரும்பவும் அறைந்தார். மூன்றாவது அறையில் மகனின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் இறங்கியது. அவன் தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. அப்பா அழுதுகொண்டே அடித்தார். விலக்கிவிட வந்த காவலாளியை நான் கை காட்டி நிறுத்தினேன். இன்னும் நாலு விழுந்தால் கடிதம் மாறிவிடும் என்று நினைத்தேன்.

மாறவில்லை. மேலே இருந்தவர்கள் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள். வருஷக் கடைசியில் அவன் படிவம் என் மேஜைக்கு வந்தது. 'உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை. நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

போன மாதம் மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். வெங்காய மூட்டையோடு எதிரே வந்தவர் என்னைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே இறக்கினார்.

"ஐயா, என்னத் தெரியுதா?"

தெரிந்தது. மகன் சென்னையில் ஏதோ குடோனில் இருக்கிறானாம். கேட்டில் அடி வாங்கிய அன்றிலிருந்து அப்பாவோடு பேசுவதில்லையாம்.

"நீங்க அவன் வேலைய காப்பாத்த எவ்ளோ பாடுபட்டீங்க. நான்தான் பாவி, கை நீட்டிட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா. எங்கிட்டப் பேசச் சொல்லுங்க."

அவன் வேலையைப் பறித்தது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் கூட்டம், இரைச்சல். சொன்னால் அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். நான் சொல்லவில்லை. அவர் சொன்ன போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, "பேசறேன்" என்றேன். இதுவரை பேசவில்லை.

மூட்டையைத் தலைக்கு ஏற்ற ஒரு கை கொடுக்க முடியுமா என்று தயங்கிக்கொண்டே கேட்டார். குனிந்து பிடித்து ஏற்றிவிட்டேன்.