ஓட்டை இதயமும் ஒரு பை ரொபியும்

பிள்ளைகளின் இதயக் கிளினிக்கில் தாதியாக நிற்பவளுக்கு, நோயோடு படும் பாட்டைவிட, இரக்கப்பட வருகிறவர்களோடு படும் பாடுதான் பெரிது. உங்கள் வீட்டிலும் யாராவது வருத்தம் வந்து படுத்திருப்பார்கள். நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

வாயைத் திற

தர்மபுரத்தில் இருந்து வரும் அபிஷாவுக்கு நான்கு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கும். கொழும்பில் சத்திரசிகிச்சைக்குப் பதிந்திருந்தோம். அதற்கு முன் பல் சுத்தமாக இருக்க வேண்டும். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தோடு போய் இதயத்தில் குடியேறிவிடும். வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாய் முழுக்கக் கறுப்பு. கூட வந்த மாமி, தகப்பனின் அக்கா, கைப்பையில் இருந்து இன்னொரு ரொபி இனிப்பை எடுத்து உரித்துக்கொண்டே கேட்டார்: “நெஞ்சில வருத்தமெண்டு வந்தால் வாயைப் பாக்கிறியள். நீங்கள் படிச்சனீங்களோ, பிள்ளை?”

வழியனுப்ப வந்தவர்கள்

பல்லைச் சரிக்கட்டுவதற்குள்ளேயே சத்திரசிகிச்சைத் திகதி வந்தது. பயணத்துக்கு முன் ஊரே பிள்ளையைப் பார்க்க வந்தது. வெறுங்கையோடு வரக் கூடாதாம். ஆளுக்கொரு பை ரொபி. கொழும்பில் பார்த்தால் பல் முரசு வீங்கிச் சீழ். பல்லைச் சரிக்கட்டிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த திகதி எப்போதென்று யாருக்கும் தெரியாது. பிந்தினால் நுரையீரல் பழுதாகும். பிறகு ஓட்டையைத் தைத்தும் பிரயோசனமில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், தாய் சுமதிக்கு முன்னாலேயே மாமியை ஏசினேன். மாமி அசையவில்லை. “சாகப்போற பிள்ளை, ஆசைக்குத் தின்னட்டுமெண்டுதானே குடுத்தனாங்கள்.”

கட்டிய படலை

சுமதி மறுநாளே பிள்ளையைக் கொண்டுவந்து பழுதான பல்லெல்லாம் பிடுங்குவித்தார். அபிஷா போட்ட சத்தம் விறாந்தைவரை கேட்டது. வீட்டுக்குப் போன சுமதி வேலிப் படலையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட அயல்வீட்டுக்காரி, கையில் ரொபிப் பையோடு, என்னிடமே வந்து முறைப்பாடு செய்தார். சுமதி சொன்னது இதுதானாம்: “பிள்ளை இன்னும் சாகேல்லை. செத்தாப்பிறகு வாங்கோ.”

சுகமான பிறகு

திரும்பவும் திகதி கிடைத்தது. ஓட்டையைத் தைத்தார்கள். போன கிழமை அபிஷா எங்கள் விறாந்தையில் இந்தத் தொங்கலில் இருந்து அந்தத் தொங்கல்வரை ஓடினாள், மூச்சு வாங்காமல். நான் அழுதேன், அதை மறைப்பானேன். மாமியும் வந்திருந்தார். நெஞ்சுத் தழும்பை அவர் பார்க்கவில்லை, பொக்கை வாயைத்தான் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கைப்பையைத் திறந்தார். “இனிச் சுகந்தானே, பிள்ளை. ஒண்டு குடுக்கட்டோ?”

பிள்ளையின் இதயத்தைத் தைக்கக் கொழும்பில் ஆட்கள் இருக்கிறார்கள். மாமியின் கைப்பையைத் தைக்கத்தான் இன்னும் ஒருவரும் படித்து வரவில்லை.