செபாஹிரே போட்டிருந்த கோட்டு

முகாந்தோலி கொண்டுவந்த வதந்திப்படி, கன்தெங்வாவின் அப்பா ஒரு காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். காலையில் அதே வதந்தியோடு வந்த வாழைக்காய்க்காரி அவரை மோட்டார் சைக்கிளில்தான் உட்கார வைத்திருந்தாள். இன்னும் இரண்டு பேர் தலை பின்ன வந்திருந்தால் மனிதர் விமானம் ஏறியிருப்பார்.

கிகாலியில், ந்யாமிராம்போ பக்கம் முடி பின்னும் கடை வைத்திருப்பவள் கன்தெங்வா. 1994-இல் இனப்படுகொலை நடந்தபோது கைக்குழந்தை. குடும்பத்தில் பிழைத்தது அவள் ஒருத்திதான். எடுத்து வளர்த்த, பக்கத்துக் குன்றில் குடியிருந்தவளுக்கு அப்பாவின் பெயர் மட்டும் தெரியும்: செபாஹிரே. முகம் காட்ட ஒரு படம்கூட மிஞ்சவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நினைவிடத்துக்குப் போய், குடும்பங்கள் கொடுத்த படங்கள் தொங்கும் அறையில், மற்றவர்களின் அப்பாக்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவாள்.

"நினைவிடத்துல புதுசா ஒரு படம் மாட்டியிருக்காங்கக்கா. கீழ பேரு எழுதியிருக்கு. சிரிப்பு அப்படியே உன்னோடது" என்றாள் முகாந்தோலி.

"பேரம் பேசுறவகிட்ட நான் சிரிச்சதே இல்லையேடி, நீ எப்போ பார்த்தே?" என்றாளே தவிர, கன்தெங்வாவின் விரல்கள் நின்றுவிட்டன. சீப்பைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அக்கா, பாதித் தலை!"

"பாதி அழகாத்தான் இருக்கு. அப்படியே உட்காரு!"

தெருமுனையில் வாடகை மோட்டார் சைக்கிளில் தாவி ஏறினாள். "எங்கப்பா காத்துட்டிருக்காரு, விரட்டுப்பா!"

நினைவிடத்துப் படத்தில் காரும் இல்லை, மோட்டார் சைக்கிளும் இல்லை. ஒரு மிதிவண்டி, அதிலும் முன்சக்கரம் மட்டும். பக்கத்தில் கட்டம் போட்ட கோட்டில் ஓர் இளைஞன், முன்பல் இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அதே சந்து அவள் பல்லிலும் உண்டு. அதை அடைக்க என்ன செலவாகும் என்று போன மாதம்தான் விசாரித்திருந்தாள். நாக்கால் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் குரல் தாழ்த்தும் அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். எல்லாவித அழுகைகளுக்கும் பழகிய காவலர், இதற்கு என்ன செய்வதென்று விழித்தார்.

"ஐயா, எங்கப்பா! பாருங்க, என்னைவிடச் சின்னப் பையன்!"

படம் கொடுத்தவர் நினைவிடத்துச் சரிவின் அடியில்தான் குடியிருந்தார். கரெகேசி என்ற கிழவர். காவலர் ஆளனுப்ப, மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"செபாஹிரே மகளா? வாயைத் திற."

திறந்தாள்.

"அவன்தான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கோட்டு என்னுது" என்றார்.

"ஐயா?"

"படம் எடுக்கணும்னு வாங்கிட்டுப் போனான். ஞாயித்துக்கிழமை தர்றேன்னான். எந்த ஞாயிறுன்னு சொல்லல."

"நான் தர்றேன். அப்பா வாங்கினதை மக குடுக்கக் கூடாதா?"

அன்றிலிருந்து ஞாயிறுதோறும், பழைய துணிச் சந்தையில் அலசிப் பிடித்த ஒரு கோட்டோடு அவர் வீட்டுக்குப் போகிறாள். கட்டம் பெரிசு, பொத்தான் சரியில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, பால் தேநீர் ஊற்றிக் கொடுத்து, செபாஹிரே செய்த கூத்துகளில் ஒன்றை எடுத்துவிடுவார். பந்தாட்டத்தில் தன் பக்கத்துக்கே கோல் போட்டுவிட்டு ஊர்வலம் வந்த கதை இரண்டு ஞாயிறு ஓடியது.

போன வாரம் கொண்டுபோனதில் குறையே இல்லை. அதே கட்டம், அதே பொத்தான். கிழவர் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். ஏதாவது குறை கிடைக்காதா என்று கன்தெங்வா ஒரு பொத்தானை இழுத்துப் பார்த்தாள்.

உள்பைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"என் கோட்டுல இது கிழிஞ்சிருக்கும், புள்ள. இதுல கிழியலையே" என்று கழற்றி அவள் மடியில் போட்டார். "உட்காரு, பால் பொங்குது."