பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

ஓசி என்று யாராவது பல்லைக் காட்டினால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் எங்கள் முதலாளியின் மச்சினனால் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு வெட்டும் அச்சான டை செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் கம்ப்யூட்டரில் படம் வரைந்துகொண்டிருந்தேன். மூன்று வருடமாக நான் வரைந்த அத்தனையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. அது போனால் என் உழைப்பே போச்சு. நச்சரித்து நச்சரித்து, நகலெடுத்து வைக்க அதே கம்பெனி, அதே அளவில் இன்னொன்று வாங்க வைத்தேன். நகலெடுக்கும் சாஃப்ட்வேரின் விலையைக் கேட்டதும் முதலாளியின் முகம் சுருங்கியது.

"காசு இன்னாத்துக்கு மாமா? பத்திரிகையோட குடுத்த சிடில ஓசியாவே கீது," என்றான் மச்சினன்.

"முதல்ல வேற எதையாவது காப்பி எடுத்துப் பார்த்துடலாம் சார்," என்றேன்.

"நீ கம்முனு இரும்மா, அவன் பாத்துப்பான்."

மறுநாள் ஆயுத பூஜை. லேத்து, ஸ்பேனர், கம்ப்யூட்டர் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். புது டிஸ்க்குக்கும் வைத்தார்கள். பழையது பெட்டிக்குள் இருந்ததால் அதற்குப் பொட்டு இல்லை.

விஜயதசமியன்று நல்ல நேரம் போய்விடுமாம். நான் அண்ணனூரில் ரயில் பிடித்து வருவதற்குள் மச்சினன் பழையதைக் கழற்றி, இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்து, மாட்டி, வேலையை முடித்திருந்தான்.

"ரெண்டும் ஒரே மாரி இருந்துச்சு. பொட்டு வெச்சதுதான் நம்ம பழசுனு கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் பெருமையாக.

பொட்டு வைத்ததுதான் புதுசு. காலி டிஸ்க்கை என் படங்களின் மேல் நகலெடுத்திருந்தான். பாவம், அந்த ஓசி சாஃப்ட்வேர் சொன்னதை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. இரண்டிலும் ஒன்றுமில்லை.

"நீ சீக்கிரமா வந்திருக்கணும்மா," என்றார் முதலாளி. "வுடு. எல்லாம் உன் தலையில இருக்கும்ல? திரும்ப வரைஞ்சுடு."

மச்சினனை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டையை எடுத்து வைத்து அளந்து அளந்து வரைந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளும் அதிலேயே போயின. கண் எரிச்சலோடு வீட்டுக்குப் போய் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஸ்பேனர்களுக்கு நடுவே அந்த ஓசி சிடியும் இருந்தது, பொட்டோடு.

"கற்பூரம் காட்டும்மா," என்றார் முதலாளி.

கற்பூரத் தட்டை மச்சினன் கையில் திணித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதை அவன் தலையில் கவிழ்க்காமல் வந்ததற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.